ஒத்திகைக்குப் படுத்தவர்

கண்டக்டர் வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் அந்த முதியோர் குடியிருப்பில் அவரைக் கண்டக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுவதற்கு மட்டும் மிச்சம் இருந்தது. அவரும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தார். நிற்கும்போது கால்களை அகட்டி வைத்து, தரை எந்த நேரமும் குலுங்கலாம் என்பதுபோல் பக்கத்தில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டே நிற்பார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நாலு பேர் தயங்கி நின்றால் போதும், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு, வாசல்ல என்ன கூட்டம்?" என்று பின்னாலிருந்து குரல் வரும். வயதானவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே நகர்வார்கள்.

குடியிருப்பு வரிசை வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அறை, கைப்பிடிக் கம்பி வைத்த குளியலறை, ஒரு பெரிய ஜன்னல். கண்டக்டரும் அவர் மனைவியும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்கள் ஜன்னலைத் திறந்தால் பின்பக்கத்து மதில் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஊரின் சின்ன ஆஸ்பத்திரி. அதன் மாடியில் காயப்போட்ட படுக்கை விரிப்புகள் காற்றில் ஆடுவதும் தெரியும்.

"உனக்கு என்னய்யா கவலை. தூக்கிட்டுப் போற தூரங்கூட இல்ல, அப்படியே மதிலுக்கு மேல வீசிடலாம்" என்பார் எதிர்வீட்டுக் கேஷியர். பாங்கில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு தனி ஆள். கண்டக்டருக்கு நெருங்கிய சிநேகிதர், அதனால் அவரிடம் மரியாதையாகப் பேசுவதே இல்லை.

கண்டக்டரின் மனைவியை எல்லோரும் டெலிபோன் அம்மா என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவரே கண்டக்டர்தான். அந்தக் காலத்தில் அந்தம்மா டெலிபோன் ஆபீசில் இணைப்புப் போட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தார். தினமும் காலையில் கண்டக்டரின் பஸ்ஸில்தான் ஏறுவார். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு மனசுக்குள் டெலிபோன் என்று ஒரு பெயரை வைத்து, அந்தப் பெயரோடே கல்யாணமும் பண்ணிக்கொண்டார். பிறகு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்து, தூரத்து ஊரில் குடும்பமும் குழந்தையுமாக இருக்கிறாள்.

இப்போது டெலிபோன் அம்மாவுக்கு மறதி வந்திருந்தது. முதலில் ஆட்களின் பெயர் போயிற்று. பிறகு கிழமை போயிற்று. கடைசியில், தட்டு எதிரே இருக்கும், கரண்டி கையில் இருக்கும், அதை வைத்து என்ன செய்வது என்பது போய்விட்டது. யாருக்கோ காத்திருப்பதுபோல் அப்படியே உட்கார்ந்திருப்பார். "சாப்பிடும்மா, ரெண்டு வாய் சாப்பிடு" என்று கண்டக்டர் கெஞ்சுவார், அதட்டுவார், திரும்பவும் கெஞ்சுவார். ஒரு வார்த்தையும் உள்ளே போகாது. ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது.

ஒரு நாள் காலையில் கண்டக்டர் அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கை சும்மா இருக்கமாட்டாமல் கரண்டியால் டம்ளரைத் தட்டியது. டிங்... டிங். தட்டியது அவர் நினைத்துத் தட்டியதல்ல. ஆயுசெல்லாம் மணிக்கயிற்றை இழுத்த கை அது. டெலிபோன் அம்மா சட்டென்று நிமிர்ந்தார். கரண்டியைக் கஞ்சியில் விட்டு எடுத்து வாயில் வைத்தார்.

கண்டக்டருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆண்டவனே, எந்த வழியை அடைத்தாலும் எங்கேயோ ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாயே என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய பஸ்ஸில் கூரையோரமாக முன்னிருந்து பின்வரை ஒரு கயிறு ஓடும். அதன் நுனியில், டிரைவரின் தலைக்கு மேலே ஒரு மணி. ஒரு தடவை இழுத்தால் நிறுத்து. இரண்டு தடவை இழுத்தால் போகலாம். விடாமல் இழுத்தால் யாரோ விழுந்துவிட்டார்கள், இருந்த இடத்திலேயே நிறுத்து. அவ்வளவுதான் பாஷை. தினம் தினம் அந்த பஸ்ஸில் போன டெலிபோன் அம்மாவுக்கு அது எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. பெயரையும் முகத்தையும் அழித்த மறதி அதைத் தொடவில்லை.

அன்றிலிருந்து அந்த வீடு பஸ்ஸாக ஓடியது. டம்ளரில் இரண்டு தட்டினால் சாப்பிடுவார். இரண்டு தட்டினால் எழுந்து நடப்பார். ஒன்று தட்டினால் நிற்பார். வேலைக்கு வரும் பணிப்பெண்ணும் தட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டக்டர் தங்கச்சி என்று கூப்பிடுவார். அவள் எப்படித் தட்டினாலும் டெலிபோன் அம்மா அசையவில்லை. இந்தப் பொம்பளை எதற்கு டம்ளரைப் போட்டு அடிக்கிறாள் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கு வராதுங்கய்யா. உங்க கைக்குத்தான் அம்மா டிக்கெட் எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வைரஸ் காய்ச்சல் வந்தது. முதலில் வேறெங்கோ என்றார்கள். பிறகு பக்கத்து ஊர் என்றார்கள். ஒரு நாள் குடியிருப்பின் கேட்டைச் சாத்தினார்கள். வெளியிலிருந்து யாரும் வரக்கூடாது, உள்ளே இருப்பவர்கள் போகக்கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகள் வந்து மூக்கில் குச்சியை விட்டு எடுப்பார்கள் என்றும், வரிசை வரிசையாக எல்லோருக்கும் டெஸ்ட் நடக்கும் என்றும் சொன்னார்கள்.

டாக்டரம்மா ஒருவர் வந்து தூரத்தில் நின்று எல்லோரிடமும் பேசினார். சின்ன வயசு. ஆனால் பெரியவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று தெரிந்தவர்.

"யாரும் பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரி மாடியை முழுசா இதுக்காகவே ஒதுக்கியிருக்கோம். ஆக்சிஜன் வந்திடுச்சு. யாருக்கு நோய் இருக்குன்னு தெரியுதோ அவங்கள அங்க வெச்சுப் பாத்துக்குவோம்."

கண்டக்டர் கையைத் தூக்கினார். "அம்மா, கூட ஒருத்தர் வந்து இருக்கலாமா?"

"இல்லைங்க ஐயா. நோய் இருக்கறவங்க மட்டுந்தான்."

"பொண்டாட்டி புருஷனா இருந்தாலுமா?"

"நோய் இருக்கறவனுக்குத்தான் சீட்டாம். நீ எத்தன தடவ கேட்டாலும் அதான் பதிலு, உக்காருய்யா" என்று கேஷியர் சொல்ல, கூடமே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். ஆனால் கை பக்கத்து நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தது. அவரை அந்த மாடிக்குக் கொண்டுபோனால் இவளுக்கு யார் டம்ளரைத் தட்டுவார்கள்? வேளைக்கு வேளை தட்டு எதிரே உட்கார்ந்தபடி பட்டினியாகவே இருந்துவிடுவாளே.

கடைசி வரிசைக்கு டெஸ்ட் முறை வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு ஒத்திகை வைத்தார்கள். நோயாளி என்று ஒருவரைப் படுக்கவைத்து, தூக்கிக்கொண்டு போய், வார்டில் சேர்ப்பது வரைக்கும் எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். திடமான பெரியவர் ஒருவர் வேண்டும் என்று குடியிருப்பு மேனேஜர் கேட்டதும் கண்டக்டர் முன்னால் போய் நின்றார்.

"உனக்கு எதுக்குய்யா இந்த வேண்டாத வேல?" என்றார் கேஷியர்.

"எங்கள எங்க பிரிச்சு வைக்கப்போறாங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

ஒத்திகை நாளன்று தங்கச்சியை மனைவியோடு உட்காரவைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய இரண்டு பேர் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்தது. "இடதுபக்கம் வரட்டும், வரட்டும், வரட்டும், ஓல்டான்!" என்று நோயாளி படுத்தபடியே சத்தம் கொடுத்தார்.

"ஐயா, உங்களுக்கு இப்ப மூச்சுத் திணறுது. பேசக்கூடாது" என்றாள் பெரிய நர்ஸ்.

"திணறட்டும் சிஸ்டர், அதுக்காக வண்டிய இடிக்க விட முடியுமா?"

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒத்திகைதான், ஆனாலும் எதையும் பாதியில் விடக்கூடாது. நிஜத்தில் எப்படியோ அப்படியே எல்லாம் நடக்கவேண்டும். அதனால் நிஜமாகவே அவர் மூக்கில் குச்சியை விட்டு எடுத்தார்கள். குழாயில் போட்டு, ஒட்டி, பெட்டியில் வைத்து மூடினார்கள். பெட்டி ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பவேண்டும் என்பது ஏற்பாடு.

மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் அவரைப் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா பக்கத்தில் வந்து, "ஐயா, நோயாளி கண்ணால பாருங்க. என்ன குறை இருந்தாலும் தயங்காம சொல்லுங்க" என்றார்.

வாய்ப்பு கிடைத்தால் கண்டக்டர் விடுவாரா. மின்விசிறி கீச்சென்கிறது என்றார். திரைத்துணி நிறம் கண்ணைக் குத்துகிறது என்றார். தலையணை ஒரு பக்கம் சரிகிறது, செருப்பு வைக்க இடமில்லை, எல்லோரும் மூஞ்சியை மூடிக்கொண்டு வந்தால் யார் நர்ஸ் யார் டாக்டர் என்று எப்படித் தெரியும் என்றார். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆள் கூப்பிடற பட்டன் எங்க இருக்கு?" என்று கேட்டார் கண்டக்டர். அது தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. படுத்திருப்பவர் கைக்கு எட்டாது. வயரை நீட்டும்வரை கட்டிலுக்கு ஒரு கைமணி வைத்துவிடலாம் என்று பெரிய நர்ஸ் சொன்னாள். அன்றைக்கே வாங்கியும் வைத்துவிட்டார்கள்.

புறப்படும் முன் கண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய வீட்டு ஜன்னல். உள்ளே டெலிபோன் அம்மாவின் நரைத்த தலை தெரிந்தது. எதிரே வைத்த தட்டு அப்படியே இருந்தது.

மறுநாள் மேனேஜருக்குப் போன் வந்தது. கண்டக்டர் அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். கஞ்சியில் உப்பே இல்லை என்று இவர் சொல்ல, "நேத்தும் இதத்தான் சொன்னீங்க, இன்னைக்கு ரெண்டு மடங்கு போட்டிருக்கேன், மத்தவங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க" என்று அவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் போனைக் காதில் வைத்தார். "ஒத்திகை பேஷண்டுக்கு ரிசல்ட் வந்திருக்காம்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

நடந்தது இதுதான். பெட்டியை வாங்கிக்கொண்ட வண்டிக்காரரிடம் இது ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார்கள். அவர் பாட்டுக்கு மற்றப் பெட்டிகளோடு அதையும் கொண்டுபோய்ப் பெரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டார். அங்கே அவர்கள் பாட்டுக்கு டெஸ்ட் பண்ணிவிட்டார்கள். கண்டக்டருக்கு நோய் இருந்தது.

உப்பு போனது கஞ்சியில் இல்லை, நாக்கில் என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. சமையல்காரர் பாவம், கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒத்திகை என்பதால் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எல்லோரும் உடுப்பு, முகமூடி, கையுறை என்று எதையும் விடாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அங்கே ஒருவருக்கும் ஒட்டவில்லை. அது பின்னால் தெரிந்தது. விளையாட்டுக்குப் போட்ட வேஷம் ஆண்டவன் கணக்கில் நிஜமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

கண்டக்டரை அழைத்துப்போக வரும் முன் டெலிபோன் அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். வெள்ளை உடுப்போடு குச்சியை நீட்டிக்கொண்டு வந்த நர்சைப் பார்த்து அந்தம்மா மிரண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் அறையின் மூலையில் நின்றபடி டம்ளரில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். டெலிபோன் அம்மா ஆடாமல் அசையாமல் நின்றார். குச்சி போய் வந்தது. இரண்டு தட்டியதும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"ரைட்டும்மா. நான் போயிட்டு வர்றேன்" என்றார் கண்டக்டர். அந்தம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியில் அதே ஜன்னலோரக் கட்டில்தான் கிடைத்தது. செருப்பு வைக்க அடியில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். மின்விசிறி இன்னும் கீச்சென்றது. அவருக்கு உடம்பில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, லேசான சூடு மட்டும். ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. மனைவியின் ரிசல்ட் வரவேண்டும்.

எந்தக் கஷ்டம் வந்தாலும் கையைக் கூப்பிவிடுகிறவர் அவர். அன்றைக்கும் கூப்பினார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவளுக்கு நோய் இருக்கக்கூடாது என்று கேட்டால், அவள் அங்கே தனியாகப் பட்டினி கிடப்பாள். நோய் இருக்கட்டும் என்று கேட்டால், பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிடுவாள், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த உடம்பு ஒரு காய்ச்சலைத் தாங்குமா? கட்டியவளுக்கு நோயைக் கொடு என்று சாமியிடம் கேட்கிற வாய் ஒரு வாயா? கூப்பிய கை கூப்பினபடியே இருந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை.

சாயங்காலம் பெரிய நர்ஸ் வந்தாள். "சந்தோஷமான விஷயம் ஐயா. அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ஒரு தடவ எடுப்பாங்க. அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயே இருப்பாங்க."

கண்டக்டர் தலையை ஆட்டினார். சந்தோஷம்தான். ஆனால் பார்வை ஜன்னலுக்குப் போயிற்று.

அவர் பயந்தபடியே ஆயிற்று. தங்கச்சி உடுப்பெல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போய்த் தட்டை வைத்தாள், ஊட்டிப் பார்த்தாள், பாடிப் பார்த்தாள், டம்ளரையும் தட்டிப் பார்த்தாள். டெலிபோன் அம்மா தண்ணீர் மட்டும் குடித்தார். போனில் கண்டக்டரின் குரலைக் கேட்கவைக்கலாம் என்று மகள் தூரத்திலிருந்து யோசனை சொன்னாள். தங்கச்சி போனைக் கொடுத்தாள்.

"டெலிபோன், நான்தான் பேசறேன். சாப்பிடும்மா" என்றார் கண்டக்டர்.

டெலிபோன் அம்மாவின் முகம் தெளிந்தது. முதுகு நிமிர்ந்தது. "லைன் பிஸியா இருக்கு. கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று அழகாகச் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்தார்.

தங்கச்சி இதைச் சொன்னபோது கண்டக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து இருமலில் முடிந்தது. மகள் போனில் அழுதாள். "அப்பா, நான் எப்படியாவது வந்துடறேன்பா."

"கேட்டையே மூடி வெச்சிருக்காங்கம்மா. நீ வந்து வாசல்ல நின்னு என்ன பண்ணுவ? அங்க புள்ளயப் பாரு. இங்க ஆண்டவன் பாத்துக்குவான்."

சொல்லிவிட்டாரே தவிர, ஆண்டவன் எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் கஞ்சி வந்தது. சாப்பிடப் பிடிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதிலுக்கு அப்பால் தங்கச்சி தட்டை வைப்பது தெரிந்தது. நரைத்த தலை அசையவில்லை. அவருடைய பார்வை மேஜைமேல் இருந்த கைமணியில் விழுந்தது.

எடுத்தார். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். டிங்... டிங்.

முதலில் வந்தது இரண்டு நர்சுகள், ஓட்டமாக. "என்ன ஐயா? மூச்சு முட்டுதா? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சத்தம் போடாதீங்க. அங்க பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். நரைத்த தலை நிமிர்ந்திருந்தது. கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. தங்கச்சி இங்கே பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

அதுமுதல் வேளாவேளைக்கு ஆஸ்பத்திரி மாடியில் மணி அடித்தது. அந்த மணிக்கு நர்சுகள் ஓடிவரக்கூடாது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். கடைசி வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் மெல்ல மெல்ல அந்த மணிக்கே சாப்பிடப் பழகிவிட்டார்கள். கேஷியருக்கும் நோய் இல்லை என்று வந்திருந்தது. அவர் தன் வீட்டு வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கத்துவார். "யோவ், இன்னைக்கு வண்டி லேட்டு! பயணிங்க பசியில இருக்கோம்!"

"சில்லற இல்லாதவன் எல்லாம் எறங்கு!" என்று மேலேயிருந்து பதில் வரும்.

நாளாக நாளாக அந்தப் பதில் சின்னதாகிக்கொண்டு வந்தது. பிறகு மணி மட்டும் வந்தது. காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. கண்டக்டருக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து உள்ளே, நர்சுகள் எப்போதும் பார்க்கும்படியான இடத்துக்குத் தள்ளினார்கள். அன்று மதியம் அவருக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரம் என்பது மட்டும் உள்ளே தெரிந்தது. கை எதையோ தேடித் துழாவியது.

பெரிய நர்ஸ் புரிந்துகொண்டாள். "நீங்க படுங்க ஐயா. நான் அடிக்கிறேன்" என்று மணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டிருந்தாள். மணியின் பிடி வழுக்கியது. பதறிப் பிடித்ததில் மணி கைக்குள் ஆடி, டிங்டிங்டிங்டிங் என்று விடாமல் அடித்துவிட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. டெலிபோன் அம்மா எழுந்துவிட்டார். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் போனுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசாதிருந்த அந்த வாய் கத்தியது.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க! யாரோ விழுந்துட்டாங்க!"

பெரிய நர்ஸ் கல்லாகி நின்றாள். அவளுக்கு அந்த மணியின் பாஷை தெரியாது. ஆனால் கண்டக்டருக்குக் கேட்டது. கண்ணைத் திறந்தார். விழுந்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

"ஜன்னலுக்கு... தள்ளுங்க" என்றார்.

"ஐயா, இப்ப அசையக்கூடாது."

"அவ நின்னுக்கிட்டே இருப்பா சிஸ்டர். மணி அடிக்கற வரைக்கும் உக்கார மாட்டா."

டாக்டரம்மா வந்தார். கண்டக்டரின் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கீழேயிருந்து அந்தக் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. "சிலிண்டரோட சேத்துத் தள்ளுங்க. மெதுவா" என்றார்.

கட்டில் நகரும்போது கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு வராத வேண்டுதல் இப்போது தானாக வந்தது. சாமி, வண்டிய ஓட்டுறது நீ. எங்க நிறுத்தணும், யார எறக்கணும்னு உனக்குத் தெரியும். நான் கண்டக்டர். மணி அடிக்கறது மட்டுந்தான் என் வேல. அதுக்கு மட்டும் இந்தக் கைக்குத் தெம்பு குடு.

பெரிய நர்ஸ் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். கண்டக்டர் மணியை ஒரே ஒரு தடவை அசைத்தார். டிங்.

கீழே கத்தல் நின்றது. டெலிபோன் அம்மா கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். வண்டி நின்றுவிட்டது. விழுந்தவரைத் தூக்குகிறார்கள்.

கண்டக்டர் மூச்சு வாங்கினார். ஒரு ஆளைக் கைகொடுத்துத் தூக்கி, தூசி தட்டி, உள்ளே உட்காரவைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டார். பிறகு, டிங்... டிங்.

தங்கச்சி நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். டெலிபோன் அம்மா உட்கார்ந்தார். கரண்டியை எடுத்தார்.

பெரிய நர்சின் முகமூடிக்கு மேலே கண் கலங்கியிருந்தது. "பசி எடுக்குது சிஸ்டர்" என்றார் கண்டக்டர். அவ்வளவு நாளும் அவர் அதைச் சொன்னதே இல்லை.

அதற்கப்புறம் கட்டிலை உள்ளே தள்ளவே இல்லை. குழாயையும் சிலிண்டரையும் ஜன்னலோரத்துக்கே கொண்டுவந்து வைத்தார்கள். சில வேளைகளில் நர்ஸ் கையைத் தாங்குவாள், சில வேளைகளில் தானே அடிப்பார். உடம்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து கடைசியில் ஏறியது. காய்ச்சல் விட்டது, குழாயை எடுத்தார்கள். கஞ்சியில் உப்பு அதிகம் என்று அவர் சொன்ன அன்றைக்கு, சேதி மதிலைத் தாண்டிப் போய்ச் சமையல்காரர் காதில் விழுந்ததாம். "ஆள் பொழச்சிட்டாரு" என்று அவர் எல்லோரிடமும் சொன்னாராம். டெலிபோன் அம்மாவுக்கு மறுபடியும் எடுத்த டெஸ்டிலும் ஒன்றும் இல்லை.

கண்டக்டரை அனுப்பியபோது டாக்டரம்மா அந்தக் கைமணியை அவர் கையிலேயே கொடுத்தார். அவர் வாங்கவில்லை. "அடுத்து இந்தக் கட்டிலுக்கு யாராவது வருவாங்கம்மா. இங்கயே இருக்கட்டும்" என்றார்.

நடந்தே வீட்டுக்கு வந்தார். கேஷியர் தன் வாசலில் நின்று, "என்னய்யா, ஒத்திகை ஒருவழியா முடிஞ்சிதா?" என்று கேட்டார். கேட்கும்போதே குரல் உடைந்து, மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டார்.

உள்ளே டெலிபோன் அம்மா தட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போய், தாடியோடு, முகமூடி போட்டுக்கொண்டு வந்து நின்ற ஆளை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. கண்டக்டர் எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து நின்றார்.

"எவ்வளவு நேரம் நிறுத்துவீங்க கண்டக்டர்?" என்றார் டெலிபோன் அம்மா. "எனக்கு ஆபீசுக்கு லேட்டாகுது."

"இதோ கெளம்பிட்டோம்மா" என்று சொல்லி அவர் கரண்டியை எடுத்தார்.